முகவரி கிடைக்காத 15 தொலைபேசிகள்: ஓர் அலுவலக வலையமைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று மாடிகள் கொண்ட ஓர் அலுவலகம். மொத்தம் 205 ஐபி தொலைபேசிகள் (கணினி வலையமைப்பு வழியே பேசுபவை): முதல் மாடியில் 68, இரண்டாம் மாடியில் 74, மூன்றாம் மாடியில் 63. ஒவ்வொரு மேசைக்கும் சுவரில் ஒரே ஒரு வலையமைப்புப் புள்ளிதான் உண்டு. அங்கிருந்து வரும் கேபிள் தொலைபேசியில் நுழைகிறது. தொலைபேசியின் பின்புறம் உள்ள இரண்டாவது துளையிலிருந்து இன்னொரு கேபிள் கணினிக்குப் போகிறது. தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரமும் ஸ்விட்சிலிருந்து, அதாவது மாடியின் கேபிள்கள் வந்து சேரும் கருவியிலிருந்து, அதே கேபிளில்தான் வருகிறது.

அந்த ஒரே கேபிளில் இரண்டு வலையமைப்புகள் ஓடுகின்றன. இப்படிப் பிரித்து வைத்த ஒவ்வொன்றுக்கும் விலான் என்று பெயர். கணினிகளுக்கு 10ஆம் விலான், முகவரிகள் 10.20.10.0/24 (10.20.10 என்று தொடங்குபவை). குரலுக்கு 20ஆம் விலான், முகவரிகள் 10.20.20.0/24. இரண்டிலும் கடைசி எண் 21 முதல் 250 வரையிலான 230 முகவரிகளை ஒரே டிஹெச்சிபி சர்வர், அதாவது கேட்கும் கருவிகளுக்கு முகவரி தரும் சர்வர், வழங்குகிறது. ஒரு முகவரி ஒரு கருவிக்கு உரியதாக இருக்கும் குத்தகைக் காலம் எட்டு நாள்.

தொலைபேசி தான் எந்த விலானைச் சேர்ந்தது என்று எப்படி அறிகிறது? இந்த நிகழ்வின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. இங்கே இரண்டு வழிகள் வைக்கப்பட்டிருந்தன. முதல் வழி எல்எல்டிபி: ஸ்விட்ச் 30 வினாடிக்கு ஒரு முறை தன்னைப் பற்றி அறிவிக்கும்போது, "குரலுக்கு 20ஆம் விலான்" என்பதையும் சேர்த்துச் சொல்லும். தொலைபேசி அதைக் கேட்டு நேராக 20க்குப் போய் அங்கேயே முகவரி கேட்கும்.

இரண்டாவது, முதல் வழி கைகொடுக்காவிட்டால் உதவுவதற்காக யாரோ முன்பு அமைத்து வைத்த மாற்று வழி. எல்எல்டிபி அறிவிப்பு வராவிட்டால் தொலைபேசி ஒரு கணினியைப் போல 10ஆம் விலானில் முகவரி கேட்கும். சர்வர் முகவரியைக் கொடுக்கும்போது 132ஆம் ஆப்ஷனில் (கூடுதல் தகவலுக்கான எண்ணிட்ட இடம்) "20" என்ற எண்ணையும் சேர்த்து அனுப்பும். அதைப் படித்த தொலைபேசி 20ஆம் விலானுக்கு மாறி, அங்கே புதிதாக இன்னொரு முகவரி கேட்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதற்கு 132 என்ற எண்ணைப் பயன்படுத்துவதில்லை. இந்தத் தொலைபேசிகள் பயன்படுத்தின.

சனிக்கிழமை: ஸ்விட்ச் மாற்றம்

இரண்டாம் மாடியின் பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் பணி சனிக்கிழமை மாலை நடந்தது. பணியாளர் விலான்களைச் சரியாக அமைத்தார். அலுவலகத்தில் யாரும் இல்லை. ஸ்விட்சுக்கு அருகே இருந்த இரண்டு மேசைகளில் தொலைபேசியை எடுத்துப் பேசிப் பார்த்தார். இரண்டும் வேலை செய்தன. பணி முடிந்ததாகக் குறித்துவிட்டுக் கிளம்பினார்.

புதிய ஸ்விட்சில் எல்எல்டிபி இயக்கப்படவில்லை. பல ஸ்விட்சுகளில் அது தொடக்கத்தில் அணைந்த நிலையிலேயே வரும். நாம்தான் இயக்க வேண்டும். இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரிடம் தரப்பட்ட பணிப் பட்டியலில் அந்த வரியே இல்லை. சோதித்துப் பார்த்த தொலைபேசிகளும் பேசின.

திங்கட்கிழமை காலை

இரண்டாம் மாடியில் 15 தொலைபேசிகளின் திரையில் முகவரிக்காகக் காத்திருப்பதாக ஒரே வரி நின்றது. அவை ஒரே வரிசையில் இல்லை. மாடி முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. அதே மாடியின் மற்ற 59 தொலைபேசிகள் வழக்கம்போல இயங்கின. ஒன்பது லேப்டாப்களிலும் இணைப்பு இல்லை, 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தது. சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காத கணினி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் முகவரி அது.

இந்த இரண்டையும் அன்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தொலைபேசிப் புகார்கள் ஒரு பதிவேட்டிலும் கணினிப் புகார்கள் வேறொரு பதிவேட்டிலும் எழுதப்பட்டன.

அலுவலகத்தின் பராமரிப்பாளர் செய்த முதல் சோதனை அனுபவமுள்ள எவரும் செய்யக்கூடியதுதான். முகவரி கிடைக்காத தொலைபேசியைக் கழற்றிவிட்டு, பக்கத்து மேசையில் நன்றாக இயங்கிய தொலைபேசியை அங்கே மாட்டினார். அது உடனே இயங்கியது. ஆகவே கேபிளில் குறை இல்லை, தொலைபேசிதான் பழுது என்று முடிவுசெய்தார். பழுதானதாக ஒதுக்கியதை மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போய் மாட்டினால், அங்கே அதுவும் இயங்கியது. தொலைபேசியும் நல்லது, கேபிளும் நல்லது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் இயங்கவில்லை. அவர் என்னிடம் இதைச் சொன்னபோது, "சார், நானே என் கண்ணை நம்பவில்லை" என்றார். அந்தச் சோதனை அவரை ஏன் ஏமாற்றியது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

பிறகு சர்வரின் டிஹெச்சிபி சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினார். பலனில்லை. சர்வரின் பட்டியலைத் திறந்து பார்த்ததும் கணினிகளுக்கான 230 முகவரிகளும் தீர்ந்துபோயிருப்பது தெரிந்தது. இது சரியான கண்டுபிடிப்பு. அதன்பின் எடுத்த முடிவுதான் நிலைமையை மோசமாக்கியது. பழைய பாணியில் பெயரிடப்பட்ட 20 கணினிகளின் குத்தகைகளை, இவை இப்போது புழக்கத்தில் இருக்காது என்று கருதி அழித்தார்.

அவற்றில் எட்டுதான் உண்மையில் கைவிடப்பட்டவை. அந்த எட்டு முகவரிகளும் உடனே பறந்தன: ஐந்து தொலைபேசிகளுக்கு, மூன்று லேப்டாப்களுக்கு. முயற்சி பலித்ததாகத் தோன்றியது. மற்ற 12 கணினிகள் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் முகவரிகளைச் சர்வர் காத்திருந்த கருவிகளுக்கு வழங்கியது. பெற்ற கருவி வழக்கப்படி, "இந்த முகவரி யாரிடமாவது இருக்கிறதா?" என்று ஏஆர்பி என்ற கேள்விச் செய்தி மூலம் கேட்டது, ஓடிக்கொண்டிருந்த கணினி, "என்னிடம் இருக்கிறது" என்றது. கருவி முகவரியை மறுத்துத் திருப்பியது. சர்வர் அதைப் பயன்படுத்தத் தகாத முகவரி என்று குறித்து ஒதுக்கியது. இப்படி 12 முகவரிகள் யாருக்கும் பயன்படாமல் முடங்கின. நண்பகலில் அந்தக் கணினிகளில் சில மறுபடி இயக்கப்பட்டபோது, அவையும் இணைப்பை இழந்தன.

ஒரு மேசையில் வாடிக்கையாளர் அழைப்புகளை ஏற்பவர் காலையிலிருந்து பேச முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய அவசரத்துக்காகப் பராமரிப்பாளர் அந்த ஒரு தொலைபேசியில் மட்டும் விலான் எண்ணையும் 10.20.20.143 என்ற முகவரியையும் கையால் உள்ளிட்டார். அது இயங்கியது. வேலை நெருக்கடியில் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிற்பகல்: நான் பார்த்தவை

நான் அழைக்கப்பட்டது பிற்பகல் இரண்டரை மணிக்கு. சர்வருக்குப் போகும் முன் மூன்று தொலைபேசிகளின் திரையில் வலையமைப்பு நிலையைத் திறந்து பார்த்தேன். முகவரி கிடைக்காத தொலைபேசியில் முகவரி 0.0.0.0; விலான் என்ற இடம் காலி. அதே மாடியில் இயங்கும் தொலைபேசியில் 10.20.20 வரிசை முகவரி, விலான் 20. ஆனால் விலான் எங்கிருந்து தெரிந்தது என்ற வரியில் "டிஹெச்சிபி" என்று இருந்தது. மூன்றாம் மாடியில் பார்த்த தொலைபேசியில் அதே வரியில் "எல்எல்டிபி" என்று இருந்தது.

அந்த ஒரு சொல் வேறுபாட்டைக் கண்டதும் சந்தேகம் புதிய ஸ்விட்சின் மேல் திரும்பியது. சந்தேகத்தை மட்டும் வைத்து ஸ்விட்சைத் தொடக் கூடாது என்பதால், முகவரி கிடைக்காத ஒரு மேசைக்கான ஸ்விட்ச் துளையில் (போர்ட்டில்) நடக்கும் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்குப் பிரதி எடுத்து, அங்கே லேப்டாப்பை வைத்துக் கவனித்தேன்.

தொலைபேசி தன் எல்எல்டிபி அறிவிப்பை அனுப்பியது. ஸ்விட்சிடமிருந்து பதில் அறிவிப்பு ஒன்றும் இல்லை. சற்றுப் பொறுத்து தொலைபேசி, விலான் எண் எதுவும் ஒட்டப்படாத, முகவரி கேட்கும் டிஸ்கவர் செய்தியை அனுப்பியது. ஏறக்குறைய நான்கு வினாடி கழித்து மறுபடி ஒன்று. பிறகு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போனது. 1997இல் வெளியான டிஹெச்சிபி விதி ஆவணமான ஆர்எஃப்சி 2131 சொல்லும் நடைமுறைதான் அது. சர்வர் முகவரி தர முன்வரும் ஆஃபர் செய்தி வரவே இல்லை. செய்தி வழியில் தொலையவும் இல்லை: அதே நேரங்களில் சர்வரின் பதிவேட்டில், கேட்கப்பட்ட முகவரித் தொகுப்பில் முகவரி தீர்ந்துவிட்டது என்ற வரி விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாம் மாடியில் இதே சோதனையைச் செய்தேன். ஸ்விட்சின் அறிவிப்பு வந்தது. அதைக் கேட்டதும் தொலைபேசி 20 என்ற விலான் எண் ஒட்டிய டிஸ்கவரை அனுப்பியது. ஆஃபர், ரிக்வெஸ்ட், ஒப்புதல் என நான்கு செய்திகளும் ஒரு வினாடிக்குள் முடிந்தன.

கடைசிச் சான்று சர்வரின் குத்தகைப் பட்டியலில் கிடைத்தது. 10ஆம் விலானின் 230 வரிகளையும் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே இடப்பட்ட அடையாள எண்) வரிசையில் அடுக்கினேன். மேக் முகவரியின் முதல் மூன்று பைட்டுகள் தயாரிப்பாளரைக் காட்டும். தொலைபேசித் தயாரிப்பாளரின் அதே முன்னெண்ணோடு 64 வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. கணினிகளுக்கான தொகுப்பில் ஒரு தொலைபேசிகூட இருக்கக் கூடாது. மீதியில் 154 கணினிகள், 12 முடங்கிய முகவரிகள்.

நடந்தது என்ன

சனிக்கிழமை புதிய ஸ்விட்ச் மின்சாரம் கொடுத்ததும் 74 தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் விழித்தன. எல்எல்டிபி அறிவிப்பு இல்லாததால் எல்லாமே மாற்று வழியில் 10ஆம் விலானில் முகவரி கேட்டன. முந்திக்கொண்டவை அங்கே முகவரி பெற்று, 132ஆம் ஆப்ஷனைப் படித்து, 20ஆம் விலானுக்குப் போய்விட்டன. போகும்போது வாங்கிய முகவரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை; பல தொலைபேசிகள் கொடுப்பதில்லை. தொலைபேசி 20ஆம் விலானில் வாழ்ந்துகொண்டிருக்க, 10ஆம் விலானில் அதன் பெயரில் ஒரு முகவரி எட்டு நாளுக்குப் பூட்டிய வீடாக நிற்கும்.

கணினிகள் திங்கட்கிழமை காலை 171 முகவரிகளை வைத்திருந்தன. மீதம் 59. தொலைபேசிகள் 74. எஞ்சிய 15 தொலைபேசிகளுக்கும், விடுப்பு முடிந்து வந்தவர்களின் லேப்டாப்களுக்கும் இடமில்லை. 20ஆம் விலானில் முகவரிகள் தாராளமாகக் காலியாக இருந்தன. ஆனால் அங்கே போக வேண்டும் என்று அந்த 15 தொலைபேசிகளுக்குச் சொல்ல ஆளில்லை. எந்த மேசை மாட்டிக்கொண்டது என்பது எது சற்றுத் தாமதமாக விழித்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் சிதறிக் கிடந்தன.

இடமாற்றிப் பார்த்த சோதனை ஏமாற்றியதற்கும் இதுவே காரணம். நன்றாக இயங்கிய தொலைபேசியின் பெயரில் 10ஆம் விலானில் ஏற்கெனவே குத்தகை இருந்தது. அதைத் தூக்கி அந்த மாடியில் எந்த மேசையில் வைத்தாலும், சர்வர் அதே முகவரியைக் கொடுக்கும். குத்தகை மேசைக்கு உரியதல்ல, தொலைபேசியின் மேக் முகவரிக்கு உரியது. மூன்றாம் மாடியிலோ எல்எல்டிபி இருந்ததால், 10ஆம் விலானில் கேட்கவேண்டிய தேவையே எழவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனடி நிவாரணத்துக்கு மூன்று யோசனைகள் மேசையில் இருந்தன. தொகுப்பின் எல்லையை நீட்டுவது முதலாவது. ஒரு /24 வலையமைப்பில் பயன்படுத்தக்கூடியவை 254 தான், அதிகபட்சம் இன்னும் சில முகவரிகளே கிடைக்கும். குத்தகைக் காலத்தைக் குறைப்பது இரண்டாவது. ஏற்கெனவே வழங்கிய குத்தகைகளை அது தொடாது, அன்றைய சிக்கலுக்கு உதவாது. ஸ்விட்சில் எல்எல்டிபியை இயக்குவது மூன்றாவது. அதைத் தேர்ந்தெடுத்தோம், ஏனெனில் அது காரணத்தின் மேலேயே கை வைக்கிறது. முகவரி கிடைக்காத தொலைபேசிகளுக்கு 10ஆம் விலானில் முகவரியே தேவைப்படாது.

ஆனால் வேலை நேரத்தில் மாடி முழுக்க இயக்கவில்லை. விலான் அறிவிப்பைக் கேட்டுச் சில தொலைபேசிகள் தம்மை மறுபடி இயக்கிக்கொள்ளலாம். அப்போது 60க்கு மேற்பட்டவர்கள் அந்த மாடியில் தொலைபேசியை நம்பி வேலை செய்துகொண்டிருந்தார்கள். முதலில் ஒரே ஒரு போர்ட்டில் இயக்கி, அந்தத் தொலைபேசியின் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தோம். ஒரு நிமிடத்துக்குள் 10.20.20 வரிசை முகவரியோடு எழுந்தது. பிறகு மீதமிருந்த எட்டு மேசைகள். நான்கு மணிக்குள் ஒன்பதும் பேசின. மற்ற போர்ட்டுகளை மாலை ஆறரைக்கு மேல் இயக்கினோம்.

அடுத்தது 64 வெற்றுக் குத்தகைகள். காலையில் செய்த அழிப்பு தவறானதால், இன்னொரு அழிப்புக்கு எல்லோரும் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. பிங் செய்து, அதாவது முகவரிக்குச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். போதாது: பல கணினிகளின் தீச்சுவர் பிங்குக்குப் பதில் சொல்லவிடாது. அதே விலானுக்குள் இருந்துகொண்டு 64 முகவரிகளுக்கும் ஏஆர்பி கேள்வி அனுப்பினோம். ஓடும் எந்தக் கருவியும் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒன்றும் பதில் சொல்லவில்லை. 20ஆம் விலானின் பட்டியலில் அதே 64 மேக் முகவரிகளும் உயிரோடு இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அதன்பிறகே அழித்தோம்.

இணைப்பில்லாத லேப்டாப்களும், காலையில் குத்தகை அழிக்கப்பட்ட 12 கணினிகளும் புதிதாக முகவரி பெற்றன. அவை பெற்று முடித்த பின்னரே முடங்கிய 12 முகவரிகளை விடுவித்தோம். வரிசையை மாற்றியிருந்தால் காலைக் குழப்பம் மறுபடி நேர்ந்திருக்கும்.

புதன்கிழமை வந்த எச்சம்

இரண்டு நாள் அமைதிக்குப் பின், முதல் மாடியிலிருந்து ஒரு புகார்: பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகிறது. சற்று நேரத்தில் இரண்டாம் மாடியிலிருந்தும் அதே புகார். முதல் மாடித் தொலைபேசியின் முகவரி 10.20.20.143. இரண்டாம் மாடியில் திங்கட்கிழமை கையால் உள்ளிட்ட முகவரியும் அதுவே.

அந்த எண் சர்வர் வழங்கும் வரம்புக்குள் இருந்தது. கையால் உள்ளிட்டது சர்வருக்குத் தெரியாது. அதனால் முதல் மாடியில் ஒரு தொலைபேசிக்கு அது வழங்கப்பட்டுவிட்டது. ஒரே முகவரியை இருவர் உரிமை கொண்டாட, குரல் ஒரு கணம் இங்கும் மறுகணம் அங்கும் போனது. இரண்டாம் மாடித் தொலைபேசியின் அமைப்பைப் பழையபடி தானியங்கியாக்கியதும் தீர்ந்தது. நேரம் பிடித்தது தீர்வில் அல்ல. கையால் உள்ளிட்டதை நினைவுக்குக் கொண்டுவருவதில். திங்கட்கிழமை 15 தொலைபேசிகளின் கணக்கைக் கூட்டும்போது, ஐந்து பிழைத்தன, ஒன்பதைச் சரிசெய்தோம், அந்த இன்னொன்று எப்படி இயங்குகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் பிழை.

மாற்றியவை

கணினித் தொகுப்பின் குத்தகைக் காலத்தை எட்டு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைத்தோம். வந்துபோகும் லேப்டாப்கள் அங்கே அதிகம். குரல் தொகுப்பில் எட்டு நாள் அப்படியே இருக்கிறது. தொலைபேசிகள் இடம்பெயர்வதில்லை, சர்வர் சில மணி நேரம் நின்றாலும் அவை முகவரியை இழக்கக் கூடாது. குத்தகையின் பாதிக் காலம் கடந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும் என்பதால், எட்டு நாள் குத்தகைக்குக் குறைந்தது நான்கு நாள் தாங்கும் சக்தி இருக்கிறது. எந்தத் தொகுப்பும் 80 சதவீதத்தைத் தாண்டினால் பராமரிப்பாளருக்கு எச்சரிக்கை போகிறது.

132ஆம் ஆப்ஷனை நீக்குவதா வேண்டாமா என்பதில் நீண்ட பேச்சு நடந்தது. அந்த மாற்று வழி இல்லாமலிருந்தால், சனிக்கிழமை மாலையே 74 தொலைபேசிகளும் ஊமையாகியிருக்கும். பணியாளர் அங்கேயே கண்டுபிடித்திருப்பார். அது இருந்ததால் 59 தொலைபேசிகள் இயங்கின, குறை மறைந்தது. இன்னொன்றையும் யோசித்தோம்: யாரும் எதையும் செய்யாமல் இருந்திருந்தால், எட்டு நாளில் வெற்றுக் குத்தகைகள் காலாவதியாகி எல்லாம் தானாகவே சரியாகியிருக்கும். அடுத்த மின்தடையில் திரும்பவும் வந்திருக்கும். காரணம் அப்போதும் தெரிந்திருக்காது.

மாற்று வழியை வைத்துக்கொள்வது என்றே முடிவு செய்தோம். ஒரு ஸ்விட்சின் அமைப்பு தவறினாலும் மக்கள் பேச முடிவது முக்கியம். ஆனால் அது பயன்படும்போதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டும். அதற்காக, தொலைபேசித் தயாரிப்பாளரின் முன்னெண் கொண்ட குத்தகை 10ஆம் விலானில் தோன்றினாலே எச்சரிக்கை எழும்படி ஒரு சிறு நிரல் தினமும் பட்டியலைப் படிக்கிறது.

ஸ்விட்ச் மாற்றும் பணிப் பட்டியலில் மூன்று வரிகள் சேர்ந்தன. ஒரு தொலைபேசியில் பேசிப் பார்ப்பதோடு, அதன் திரையில் விலான் எங்கிருந்து தெரிந்தது என்ற வரியையும் படிக்க வேண்டும். மாடியின் மொத்தத் தொலைபேசி எண்ணிக்கையும் குரல் தொகுப்பில் அந்த மாடியிலிருந்து வந்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். கையால் முகவரி உள்ளிட நேர்ந்தால் 2 முதல் 20 வரையிலான, சர்வர் தொடாத எண்களில் ஒன்றையே எடுத்து, உடனே பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஆறு வாரம் கழித்து மூன்றாம் மாடியின் ஸ்விட்சும் மாற்றப்பட்டது. அதே பணியாளர்தான் வந்திருந்தார். இரவு எட்டு மணிக்கு அவர் கிளம்பும் முன் அனுப்பிய பட்டியலில் 63 தொலைபேசிகளும் 20ஆம் விலானில் இருந்தன; கணினித் தொகுப்பில் அந்த முன்னெண்ணோடு ஒரு வரியும் இல்லை.